மஞ்சளியின் காதுக்குப் பின்னால் இரண்டு பொட்டு

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மனிதர்கள் நின்று பதில் சொன்னார்கள், அதைத்தான் அதிசயம் என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குப் போகிற பெண்ணைப் பார்த்து உடும்பு, "இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்கும். அவளும் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "வந்தா உன்கிட்டச் சொல்லாமயா வரும்?" என்று சொல்லிவிட்டு நடப்பாள். யார் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது என்ற சேதிகூட வேலியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் வழியாகத்தான் அடுத்த தெருவுக்குப் போகும்.

அப்போது புலியின் காதுக்குப் பின்புறம் வெறும் கறுப்பு. சோற்றுச் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி, மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை இல்லாத கறுப்பு.

மலையடிவாரத்தில் காளவாய்ப்பட்டி என்று ஓர் ஊர். மலையில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் அடுக்கி, விறகு போட்டு எரித்து, சுண்ணாம்பாக்கி விற்பதுதான் அந்த ஊரின் பிழைப்பு. ஊருக்கு மேலே பெரிய புல்மேடு. புல் ஆள் உயரம் நிற்கும். அதைத் தாண்டிப் போனால் சந்தை கூடுகிற ஊர். வாரத்துக்கு ஒரு நாள் காளவாய்ப்பட்டிப் பெண்கள் கூடையில் கல்சுண்ணாம்பும், சின்னக் கலயத்தில் வெற்றிலைக்குப் போடுகிற குழைத்த சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு புல்மேட்டைத் தாண்டுவார்கள்.

அவர்களில் ஒருத்தி மயிலாத்தா. இருபத்திரண்டு வயது. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. வாய் சும்மா இருந்தால் கை வேலை செய்யாது. அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள், பெயர் குஞ்சாயி. இடுப்பில் உட்கார மாட்டாள், கையைப் பிடிக்க விட மாட்டாள், "நானே நடப்பேன்" என்று இறங்கிவிடுவாள். ஆனால் அம்மாவுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய புல்லுக்குள் நடந்தாலும் ஒரு நாளும் வழி தவறியதில்லை. அது எப்படி என்று மயிலாத்தா யோசித்ததே இல்லை. நன்றாக நடக்கிற காரியத்தைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

மயிலாத்தாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் சுண்ணாம்பு பட்டால் கழுவ மாட்டாள். அப்படியே இடுப்புக்குப் பின்னால் சேலையில் துடைத்துவிடுவாள். அதனால் அவளுடைய எந்தச் சேலையை எடுத்தாலும் பின்பக்கம் இரண்டு வெள்ளைக் கை இருக்கும், யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி.

"அண்ணி, சேலைக்குச் சாயம் போடுறவன் உங்க வீட்டுப் பக்கமே வர்றதில்லையாம்," என்பாள் நாத்தனார் பாவாயி. "அந்தக் கையைப் பார்த்துப் பயந்துக்கிட்டானாம்."

"வந்தா அவன் முதுகிலயும் ரெண்டு போட்டு அனுப்புறேன்," என்பாள் மயிலாத்தா.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு கவலையும் இருந்தது.

காளவாய்ப்பட்டியில் ஒரு வழக்கம். குழந்தைக்குக் கண்ணூறு படாமல் இருக்கக் கழுத்தில் புலிநகம் கட்டுவார்கள். பிறந்த நாற்பதாம் நாள் ஒன்று. மூன்று வயது முடிவதற்குள் இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினால் பிறை மாதிரி இருக்கும். ஒற்றை நகத்தோடு நாலாம் வயதில் கால் வைக்கிற பிள்ளை நிலைக்காது என்று ஊரே நம்பியது. ஊரில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை ஜோடி நகம். அத்தனை நகத்துக்கும் புல்மேட்டுப் புலிகள்தான் வழி. யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் எல்லோரும்.

குஞ்சாயிக்கு ஒரு நகம் இருந்தது. கிடைத்ததெல்லாம் மூத்த பிள்ளைகளுக்குப் போய்விட்டதால் இரண்டாவது இன்னும் கிடைக்கவில்லை. அந்த மாதம் அவளுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து போனது. பாவாயி குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

சந்தை நாள் காலையில் மயிலாத்தாவின் கணவன் செங்கோடன் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னான்: "நாவல்மரத்துத் தண்ணிக்குழிகிட்ட கண்ணி வச்சிருக்கேன்."

"புலிக்கா?"

"குட்டிக்கு. மேட்டுல இப்ப ஒரு தாயும் ஒரு குட்டியும்தான் இருக்கு. குட்டி மாட்டினா தாய் தானா வந்து பக்கத்துல நிக்கும். உச்சி சாஞ்சதும் ஈட்டியோட நாலு பேரு போறோம்." அவன் குஞ்சாயியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டான். "ராத்திரிக்குள்ள என் தங்கத்துக்கு ஜோடி சேர்ந்துரும்."

மயிலாத்தாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பை வழித்துப் போட்டு, விரலைப் பின்னால் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் தூக்கினாள். அவள் நடக்க, குஞ்சாயி பின்னாலேயே நடந்தாள்.

புல்மேட்டில் பாதி தூரம் போயிருப்பாள். புல்லுக்குள் ஒரு தும்மல் கேட்டது.

மயிலாத்தா நின்றாள். அந்தத் தும்மலை அவளுக்குத் தெரியும். புல்மேட்டில் இருந்த பெண்புலிக்கு மஞ்சளி என்று பெயர். சுண்ணாம்பு வாசம் அதற்கு ஆகாது. சந்தை நாளில் காற்று அந்தப் பக்கம் அடித்தால் தும்மித் தள்ளும். "ஏ சுண்ணாம்புக்காரி, மூடித்தான் கொண்டு போயேன்," என்று புல்லுக்குள்ளிருந்தே திட்டும். "மூக்கை மூடிக்கோ மஞ்சக்கா," என்று இவள் பதில் கொடுப்பாள். வருஷக்கணக்கில் அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. நேருக்கு நேர் பார்த்ததில்லை.

இன்று புல் விலகியது. மஞ்சளி வெளியே வந்து வழியை மறித்து நின்றது.

கிட்டே பார்க்கையில் அது கதையில் சொல்கிற அளவுக்குக் கொழுத்து இல்லை. விலா எலும்பு தெரிந்தது. ஓயாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. மயிலாத்தா கூடையை இறக்கிக் குஞ்சாயியைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

"பயப்படாதே," என்றது மஞ்சளி. "தின்கிற நேரமா இது. என் பிள்ளையைக் காணோம். கடுகு. இத்துனூண்டு இருப்பான். வழியில பார்த்தியா?"

"பார்க்கலையே."

"விடிஞ்சதிலிருந்து தேடுறேன். என் பின்னாலதான் வந்தான். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்."

"கூப்பிட வேண்டியதுதானே? உன் தொண்டைக்கு என்ன குறைச்சல்?"

"கூப்பிட்டா அவனுக்கு மட்டுமா கேட்கும்? உங்க ஊருக்கும் கேட்கும்." மஞ்சளி தணிந்த குரலில்தான் பேசியது. "இந்த ஈத்துல மூணு பெத்தேன். ஒண்ணு புல்லுக்குள்ள வழி தவறிப் படுகுழியில விழுந்துச்சு. இன்னொண்ணு தொலைஞ்சப்ப வாய்விட்டுக் கூப்பிட்டேன். எனக்கு முன்னாடி உங்க ஆளுங்க அதுகிட்டப் போய்ட்டாங்க. அதிலிருந்து கூப்பிடுறதை விட்டுட்டேன். முன்னால நடப்பேன், பின்னால வருவான். புல்லு அவனை விட உசரம். புல்லுக்குள்ள நிழலும் கறுப்பு, என் காதும் கறுப்பு. எது நான், எது நிழல்னு அவனுக்குத் தெரியல."

மயிலாத்தா வாய் திறக்கவில்லை. வாய் ஓயாதவள் வாய் திறக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. கடுகு எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாவல்மரத்துத் தண்ணிக்குழி. கூப்பிடு தூரம்தான். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

'பார்க்கலை' என்று சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முடிந்தது. சந்தையிலிருந்து திரும்பும்போது பிள்ளைக்கு ஜோடி நகம் இருக்கும். அப்புறம் காய்ச்சல் வராது. பாவாயி கழுத்தைப் பார்க்க மாட்டாள்.

அதற்குள் குஞ்சாயி காலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். புலியின் மீசையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. மஞ்சளி குனிந்து குழந்தையை மோந்தது. வயிறு, கை, கன்னம் என்று மோந்துகொண்டு வந்த மூக்கு கழுத்தில் நின்றுவிட்டது.

"இது என்ன?"

"நகம்," என்றாள் குஞ்சாயி பெருமையாக.

மஞ்சளி மறுபடி மோந்தது. பிறகு சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது: "நுனியில இடது பக்கமா ஒரு சில்லு போயிருக்குமே?"

போயிருந்தது. மயிலாத்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாகக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற போதெல்லாம் அந்த இடம் அவள் விரலில் நெருடும். நூலைச் சிக்க வைக்கும். எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்க அக்கா நகம்," என்றது மஞ்சளி. "குட்டியா இருந்தப்ப என் காதைக் கடிக்கப் பாய்ஞ்சா. நான் ஒதுங்கிட்டேன். பாறையில அடிச்சு உடைஞ்சுபோச்சு. வளர வளர அந்த இடம் அப்படியேதான் வளர்ந்துச்சு. ரெண்டு நாள் என்னோட பேசவே இல்லை."

அது ஊளையிடவும் இல்லை, உறுமவும் இல்லை. அக்கா வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை மோந்து பார்த்தது. அவ்வளவுதான்.

மயிலாத்தா கூடையை வழியிலேயே விட்டாள். கலயத்தை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், நரி கவிழ்த்துவிடும் என்று. அந்த நேரத்திலும் அவளுக்குச் சரக்கு நினைப்பு.

"மஞ்சக்கா, என் பின்னால வா. பேசாம வா."

நாவல்மரத்தடியில் கடுகு கிடந்தான். கத்தாழை நாரில் திரித்த கயிறு அவன் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. ஒரு பக்கம் கயிறு மரத்தில், மறு பக்கம் அவன். இழுத்து இழுத்து ஓய்ந்துபோய், கண் பாதி மூடியிருந்தது. தாயைப் பார்த்ததும் "ம்" என்று ஒரு சின்னச் சத்தம் போட்டான், ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டாய் என்கிற மாதிரி.

மஞ்சளி பாய்ந்து கயிற்றைப் பல்லால் பிடித்து இழுத்தது. முடிச்சு இன்னும் இறுகியது. குட்டி கீச்சிட்டான்.

"விடு, விடு. இழுத்தா இறுகும்." மயிலாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது எங்க வீட்டுக்காரர் முடிச்சு. எங்க கன்னுக்குட்டிக்கும் இதைத்தான் போடுவாரு. வெளிய இழுக்கக் கூடாது, உள்ள தள்ளணும்."

"உன் வீட்டுக்காரனா வச்சது?"

"ஆமா." பார்க்காமலே சொன்னாள். "என் பிள்ளைக்கு ரெண்டாவது நகத்துக்கு. இங்க கண்ணி இருக்குன்னு தெரிஞ்சுதான் உன்கிட்டச் சும்மா நின்னேன். அப்புறமா என்னைக் கடிக்கணும்னா கடிச்சுக்கோ. இப்ப இவனை அசையாமப் பிடி."

மஞ்சளி அவளைப் பார்த்தது. பிறகு தன் பெரிய முன்னங்காலைக் குட்டியின் முதுகில் மெதுவாக வைத்து அமுக்கிக்கொண்டது. மயிலாத்தா கயிற்றின் வாலை உள்பக்கம் தள்ளினாள். வரவில்லை. எச்சில் தொட்டுத் தள்ளினாள். சுண்ணாம்பு ஒட்டியிருந்த கட்டைவிரலால் நெம்பி இன்னொரு தள்ளு. முடிச்சு வாயைத் திறந்தது. கடுகு உருண்டு வந்து தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

தூரத்தில் ஊர்ப்பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"கிளம்பு," என்றாள் மயிலாத்தா. "பாறைப் பக்கம் போயிரு. நான் கூடை வரைக்கும் கூட வர்றேன்."

மஞ்சளி முன்னால் நடந்தது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் கடுகு இல்லை. இடது பக்கம் ஒரு நிழலைப் பார்த்து அதன் பின்னால் போயிருந்தான். பிடித்துக் கொண்டு வந்து விட்டாள் மயிலாத்தா. இன்னும் பத்தடி. மறுபடி காணோம். வாயில் கவ்விக்கொண்டு போகலாம் என்றால் கயிறு அறுத்த இடத்தில் தொட விடமாட்டேன் என்கிறான். பிடரியைக் கவ்வினாலும் உடம்பு தொங்கி, அந்த இடம் இழுத்துக் கத்துகிறான். கத்தினால் ஊருக்குக் கேட்கும்.

மஞ்சளி நின்றுவிட்டது. "உன் குட்டி மட்டும் எப்படி வருது?" என்று கேட்டது.

மயிலாத்தா திரும்பிப் பார்த்தாள். குஞ்சாயி சரியாக இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு ஓட்டத்திலும், அவ்வளவு திருப்பத்திலும், விடாமல் வந்திருக்கிறாள்.

"ஏன்டி, அம்மாவை எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

இதுகூடத் தெரியாதா என்று பார்த்தாள் குஞ்சாயி. "வெள்ளக் கை," என்று அம்மாவின் பின்பக்கத்தைக் காட்டினாள். "வெள்ளக் கை போகும், நானும் போவேன்."

மயிலாத்தா இடுப்பை முறுக்கித் தன் சேலையைப் பார்த்தாள். பாவாயி சிரிக்கிற, ஊரே சிரிக்கிற அந்த இரண்டு வெள்ளைக் கை. புல்லின் நிழலுக்குள் அது பளிச்சென்று இருந்தது.

அவள் கலயத்தைத் திறந்தாள்.

"உட்காரு மஞ்சக்கா. தலையைக் குனி. கொஞ்சம் எரியும்."

"எனக்குச் சுண்ணாம்பு ஆகாது."

"பிள்ளை வேணுமா, மூக்கு வேணுமா?"

மஞ்சளி தலையைக் குனிந்தது. மயிலாத்தா கட்டைவிரலில் சுண்ணாம்பை வழித்து, வலது காதின் பின்னால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். இடது காதின் பின்னால் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அவ்வளவு பெரிய புலி தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடுகுக்கும் இரண்டு வைத்தாள், சுண்டுவிரலால். "நீயும் ஒரு நாள் பெரியவனாவே. உன் பின்னால யார் வர்றாங்களோ," என்றாள்.

பிறகு குஞ்சாயியைக் கிட்டே இழுத்து, கழுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நகத்தை மஞ்சளியின் காலடியில் வைத்தாள். குழந்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது. பார்க்கவே அவளுக்குத் திக்கென்றது.

"உன் பிள்ளைக்குக் கண்ணு படாதா?" என்று கேட்டது மஞ்சளி.

"படாம நான் பார்த்துக்கிறேன்." சேலை மடிப்பில் காளவாய்க் கரித்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எச்சிலில் குழைத்து, குஞ்சாயியின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள். "கறுத்த காதுக்கு வெள்ளை. வெளுத்த காதுக்குக் கறுப்பு. சரியாப் போச்சு."

மஞ்சளி நகத்தை வாயில் எடுத்துக்கொண்டது. "சுண்ணாம்புக்காரி" என்று சொல்ல வந்து, "மயிலாத்தா," என்றது. "உங்க காளவாய் வருஷத்துக்கு ஒரு சோலையைத் தின்னுது. மானெல்லாம் எங்கேயோ போயிருச்சு. அதுக்கு என்ன பொட்டு வைப்பே?"

மயிலாத்தா கலயத்தை மூடினாள். "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

மஞ்சளி புல்லுக்குள் இறங்கியது. உடம்பு உடனே மறைந்தது. இரண்டு வெள்ளைப் பொட்டுகள் மட்டும் மிதந்துகொண்டு போயின. அதற்குப் பின்னால், தரையோடு தரையாக, இரண்டு சின்னப் பொட்டுகள். பத்தடி, இருபதடி. பெரிய பொட்டுகள் நின்றால் சின்னப் பொட்டுகள் நின்றன. திரும்பினால் திரும்பின. பாறைப் பக்கம் போன பிறகு ஒரு பெரிய தும்மல் கேட்டது.

சந்தையிலிருந்து மயிலாத்தா திரும்பியபோது வீட்டு வாசலில் செங்கோடன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாவாயி. கண்ணிக் கயிறு அவன் மடியில்.

"குட்டி தப்பிச்சிருச்சாம் அண்ணி. நரி கடிச்சு விட்டிருக்கும்னு அண்ணன் சொல்லுது." சொல்லிக்கொண்டே பாவாயி குழந்தையைத் தூக்கினாள். கழுத்தைத் தடவினாள். "நகம் எங்கே?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றாள் மயிலாத்தா. "யாருதோ அவங்க தங்கச்சிகிட்ட."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பாவாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா அண்ணி? நாலாம் வயசு தொடங்க இன்னும் பதினஞ்சு நாள்கூட இல்லை. பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

"ஏன் பாவாயி, நம்ம ஊர்ல ஜோடி நகம் கட்டின பிள்ளைங்க யாரும் காய்ச்சல்ல விழுந்ததே இல்லையா?"

பாவாயி குழந்தையை இறக்கிவிட்டாள். ஜோடி நகத்தோடுதான் அவளுடைய முதல் குழந்தை காய்ச்சலில் போனது. மயிலாத்தா அதை நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாவாயி போன பிறகு செங்கோடன் கயிற்றை நீட்டினான். முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

"மத்தவங்க பார்க்கிறதுக்குள்ள மடியில வச்சேன்," என்றான். "நரி கடிச்சதுன்னு சொன்னது இதுக்குத்தான். ஆனா நீ செஞ்சது சரின்னு நான் சொல்லலை."

"சொல்ல வேண்டாம் மாமா. கஞ்சியைக் குடிங்க."

அந்தப் பதினைந்து நாளும் மயிலாத்தா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தாள். நடுவில் ஒரு நாள் குஞ்சாயி கட்டிலிலிருந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். ஊர் பேசியது. மயிலாத்தா மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரியைக் குழைத்துக் காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள்.

குஞ்சாயிக்கு நாலாம் வயது தொடங்குகிற நாளுக்கு முதல் நாள், செங்கோடன் ஈட்டியையும் அந்தக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் புல்மேட்டுக்குப் போனான். மயிலாத்தா பார்த்தாள். தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கிற ஆள் இல்லை அவன். காளவாய்க்கு விறகு தூக்கினாள், கல் உடைத்தாள், வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்கு முன்னால் அவன் வந்தான். கையில் நகம் இல்லை. ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"பாறைகிட்டப் பார்த்தேன்," என்றான். "எறிகிற தூரம்தான். கையை ஓங்கிட்டேன். புல்லுக்குள்ள ரெண்டு வெள்ளை போச்சு. பின்னாலயே சின்னதா ரெண்டு. பெருசு நின்னா சிறுசு நின்னுச்சு. நடந்தா நடந்துச்சு. நம்ம குஞ்சாயி உன் பின்னால வர்ற மாதிரியே." வாசல்படியில் உட்கார்ந்தான். "பொட்டு ஒவ்வொண்ணும் உன் கட்டைவிரல் அளவு இருக்கு. அதுமேல எப்படி எறியறது?"

மயிலாத்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மழை பெஞ்சும் அழியலையா?"

"சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பு போல. நான் சுட்டதுதானே," என்றான். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய், அந்தக் கண்ணிக் கயிற்றால் கன்றுக்குட்டியைக் கட்டினான். அதற்கப்புறம் அது கன்றுக்குட்டிக் கயிறாகவே இருந்து தேய்ந்தது.

மறுநாள் குஞ்சாயிக்கு நாலாம் வயது தொடங்கியது. அவள் விடிந்ததும் எழுந்து, "நானே நடப்பேன்," என்று கிளம்பிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாவாயி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, அந்தக் கரியைக் கொஞ்சம் குழைங்க," என்றாள். "ஆனா சேலையில துடைச்சுக்காதீங்க." சொல்லிவிட்டு யோசித்தாள். "சரி, துடைச்சுக்கோங்க."

கடுகு வளர்ந்தான். அவனுக்குப் பிறந்தவையும் பொட்டோடு பிறந்தன. அவற்றின் பிள்ளைகளும் அப்படியே.

அன்று முதல்தான் புலியின் கறுத்த காதுகளுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு இருக்கிறது. அன்று முதல்தான் காளவாய்ப்பட்டியில் நகம் போய், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் கறுப்புப் பொட்டு வந்தது. இப்போது புல்மேடுகள் சுருங்கிவிட்டன, நார்க்கயிறு போய்க் கம்பிச் சுருக்கு வந்துவிட்டது, மஞ்சளி கேட்ட கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் என்றைக்காவது புல்லுக்குள் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் முன்னால் போவதைப் பார்த்தால், சத்தம் போடாமல் ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் ஒரு குழந்தை வந்துகொண்டிருக்கும்.